நகல் மலிவானது என்னும் வாதம்

நிரல் எழுதுவோரிடையே இன்று ஏறக்குறைய சித்தாந்தம் போலவே நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. இரண்டு காரியங்களுக்கு நடுவே தகவலைக் கைமாற்றுவதற்காக அமைக்கப்படும் ரிங் பஃபர் வரிசையில், இடுபவர் தம்முடைய தகவலை நகல் எடுத்து உள்ளே வைப்பதும், எடுப்பவர் அதை மறுபடி நகல் எடுத்து வெளியே கொண்டுபோவதும்தான் இயல்பான முறை. அந்த நகல்களைத் தவிர்க்க முயல்வது வீண் சாமர்த்தியம். இக்காலத்துப் பிராசசர்கள் பைட்டுகளை இடம் மாற்றும் வேகத்தைப் பார்த்தால் அதனால் கிடைக்கும் லாபம் அற்பம், வந்து சேரும் சிக்கலோ பெரிது என்பதே அந்த அபிப்பிராயம். இதைச் சொல்பவர்கள் அனுபவசாலிகள்; பயிற்சிக் குறிப்புகள் பலவும் இதையே வழிமொழிகின்றன; புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர், 'புட்', 'கெட்' என்னும் இரண்டு ஃபங்ஷன்களைத் தவிர ஒரு வரிசைக்கு வேறு வாசலும் இருக்கக்கூடும் என்பதைக் கேள்விப்படாமலே பல வருஷம் வேலை பார்த்துவிடலாம். இந்த அபிப்பிராயம் தவறானது என்று நான் திடமாக நம்புகிறேன். அதன் தவறு வேகத்தைப் பற்றிய கணக்கில் தொடங்கினாலும், ஒரு நகல் அவசியமா அநாவசியமா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் கேள்வியில்தான் ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை இங்கே காட்ட விரும்புகிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் எடுத்துரைப்பதே நியாயம். 2003-ஆம் ஆண்டு ரிச்சர்ட் பாரி தொடங்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் இயங்குதளம், சின்னஞ்சிறு மைக்ரோகன்ட்ரோலர்களில் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருப்பது. அதன் வரிசைகள் நகல் முறையைத் தெரிந்தே மேற்கொண்டவை; காரணங்களையும் அதன் ஆவணங்கள் ஒளிவின்றிச் சொல்கின்றன. ஒரு ஃபங்ஷனின் ஸ்டாக்கில் பிறந்து அந்த ஃபங்ஷனோடு மறைந்துபோகும் மாறியையும் அச்சமின்றி அனுப்பலாம். அனுப்பிய மறுகணமே அதே மாறியை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அனுப்புபவரும் பெறுபவரும் தகவலின் உடைமையைப் பற்றித் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதில்லை. தகவல் பெரிதானால் அதன் பாயின்டரை மட்டும் நகல் எடுத்து அனுப்பிக்கொள்ளலாம். இவை அத்தனையும் உண்மை. ஒரு மாணவனுக்கு முதல் வரிசையைக் கற்றுக்கொடுக்கும்போது நானும் இந்த வழியைத்தான் கற்பிப்பேன். ஆனால் முதல் பாடமாக இருக்கத் தக்கது கடைசி விதியாகவும் இருக்கத் தக்கது என்று எண்ணுவதுதான் இங்கே நேர்ந்திருக்கும் பிழை.

ரிங் பஃபர் என்பது என்ன என்று சற்றே நிதானித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். இத்தனை அறைகள் என்று முன்னதாகவே அளவு குறிக்கப்பட்ட ஒரு நினைவகப் பகுதி. பெரும்பாலும் இரண்டின் அடுக்காக, 64 என்றோ 1024 என்றோ அறைகளின் எண்ணிக்கை. இடுபவர் எங்கே நிற்கிறார், எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்று காட்டும் இரண்டு எண்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட அறைகள் நிரம்பியவை, மற்றவை காலி. இடுபவர் தமது எண்ணை முன்னே நகர்த்துகிற வரையில் அந்த அறை அவருடையது. நகர்த்திய பின், எடுப்பவர் தமது எண்ணை நகர்த்துகிற வரையில் எடுப்பவருடையது. ஆக, ஒவ்வோர் அறைக்கும் எந்தக் கணத்திலும் ஒரே ஓர் உரிமையாளர்தான் இருக்கிறார் என்னும் நிலை, எவரும் தனியாக ஏற்பாடு செய்யாமலே, இந்த அமைப்பின் சுபாவத்திலேயே அடங்கியிருக்கிறது. உடைமை ஒப்பந்தத்துக்கு அஞ்சித்தான் நகல் எடுக்கிறோம் என்றால், அந்த ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தாகிக் கிடக்கிறது என்பதைக் கவனிக்காமலே நகல் எடுக்கிறோம் என்று பொருள்.

இனி, 256 பைட் கொண்ட ஒரு பதிவு 'புட்', 'கெட்' முறையில் எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள். இடுபவர் அதை முதலில் தம் ஸ்டாக்கில் ஒரு தற்காலிக ஸ்ட்ரக்ட்டாகக் கட்டுகிறார். 'புட்' அதை அறைக்குள் நகல் எடுக்கிறது. 'கெட்' அதை அறையிலிருந்து எடுப்பவரின் தற்காலிக ஸ்ட்ரக்ட்டுக்கு நகல் எடுக்கிறது. அதன் பிறகே எடுப்பவர் அதைப் படித்துத் தம் காரியத்தைச் செய்கிறார். ஒரு முறை எழுதி ஒரு முறை படித்தால் போதுமான பதிவை மூன்று முறை எழுதி மூன்று முறை படித்தாயிற்று. அந்த எடுப்பவரே அடுத்த கட்டத்தின் இடுபவராகவும் இருந்துவிட்டால், கணக்கு இன்னும் வளர்ந்துகொண்டே போகும். களத்திலிருந்து நேரே குதிருக்குப் போகவேண்டிய நெல்லைத் திண்ணையில் ஒரு முறை கொட்டி அள்ளிக்கொண்டிருக்கும் வீட்டில், அள்ளுகிற ஆள் மிக வேகமானவன் என்று சொல்வது எப்படி ஒரு நியாயமாகும்?

வேகமானவன் என்பதுகூடப் பொதுவாகச் சொல்லத் தக்கதல்ல. பைட்டுகளை நகல் எடுக்கும் 'மெம்காப்பி' ஃபங்ஷன் மின்னல் வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் சோதனைகள் பெரும்பாலும் ஒரே சில நூறு பைட்டுகளைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்துக் காலத்தை அளப்பவை. அந்தப் பைட்டுகள் பிராசசரின் முதல்நிலைக் கேச்சிலேயே குடியிருக்கும் என்பதால், அங்கே அளக்கப்படுவது கேச்சின் வேகமே. மெய்யான நிரலில் முதல்நிலைக் கேச் பெரும்பாலும் 32 அல்லது 48 கிலோபைட் அளவுள்ள குறுகலான இடம். நகலுக்காக அதில் புகும் ஒவ்வொரு 64 பைட் வரியும், வேறு எதற்கோ தேவையாக அங்கே இருந்த ஒரு வரியை வெளியேற்றக்கூடும். அந்த நஷ்டம் 'மெம்காப்பி'யின் கணக்கில் பதிவாகாமல், பின்னால் எங்கோ ஒரு சம்பந்தமில்லாத ஃபங்ஷன் மெதுவாகிவிட்டதாகத் தோன்றும். கேச்சில் இல்லாத இடத்துக்கு நகல் எடுக்கும்போது, மூலத்தைப் படிப்பதோடு, எழுதப்போகும் வரியையும் பல சந்தர்ப்பங்களில் முதலில் படித்துக் கொண்டுவந்து, பிறகு திரும்ப நினைவகத்துக்கு எழுதவேண்டியிருக்கிறது என்பதும் இந்தக் கணக்கில் சேரவேண்டியது. இடுபவரும் எடுப்பவரும் வெவ்வேறு கோர்களில் இருக்கையில் அறையின் வரிகள் ஒரு கோரிலிருந்து மற்றதற்குப் போய்த்தான் ஆகவேண்டும், அந்தச் செலவை எந்த முறையாலும் தவிர்க்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. தவிர்க்க முடியாத செலவு ஒன்று இருப்பதனால் தவிர்க்கக்கூடியதையும் அதன் தலையில் ஏற்றலாம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

சிறிய இயந்திரங்களில் இந்த விஷயம் இன்னும் பிரத்தியட்சமானது. ஃப்ரீஆர்டிஓஎஸ் வரிசையில் ஒரு பொருளை இடும்போது, அந்த நகல் இன்டரப்ட்டுகள் தடுக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடைபெறுகிறது. கார்டெக்ஸ் எம்0 போன்ற கேச் இல்லாத ஒரு கோரில், நான்கு பைட்டைப் படிக்க 2 சுழற்சி, எழுத 2 சுழற்சி என்ற எளிய முறையில் 256 பைட்டை நகர்த்த, சுற்றைத் திருப்பும் கட்டளைகள் நீங்கலாகவே 256 சுழற்சிகள் ஆகின்றன. 48 மெகாஹெர்ட்ஸில் அது 5 மைக்ரோவிநாடிக்குச் சற்று மேல். விநாடிக்கு 20 லட்சம் பிட் வேகத்தில் வரும் சீரியல் இணைப்பில், தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து, ஒரு பைட் வந்துசேரும் காலமே 5 மைக்ரோவிநாடிதான். பெறும் பதிவகத்தில் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம் என்றால், வரிசைக்குள் ஒரு பதிவை நகல் எடுக்கும் வேளையிலேயே வெளியிலிருந்து வந்த பைட் ஒன்று மாய்ந்துபோகலாம். நகல் மலிவானது என்பவர், யாருடைய காலத்தில் அது மலிவு என்பதையும் சொல்லவேண்டும். நகல் எடுக்கும் காரியத்துக்கு அது சில சுழற்சிகள். அதற்காகக் காத்து நிற்கும் இன்டரப்ட்டுக்கு அது இழந்த தகவல்.

இந்த இடத்தில் வழக்கமாகக் கணினி விஞ்ஞானி டொனால்டு க்னூத்தின் பெயர் சாட்சிக்கு அழைக்கப்படும். அகாலத்தில் செய்யும் வேகச் சீர்திருத்தம் தீமைகளுக்கெல்லாம் வேர் என்று அவர் 1974-இல் ஒரு கட்டுரையில் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அவ்விடத்திலேயே, நெருக்கடியான அந்த 3 சதவீதத்தில் கிடைக்கும் வாய்ப்பை நழுவவிடலாகாது என்றும் சொல்லியிருக்கிறார். இன்டரப்ட்டுக்கும் காரியத்துக்கும் நடுவிலும், கெர்னலுக்கும் நிரலுக்கும் நடுவிலும், ஒரு கோருக்கும் மற்றொரு கோருக்கும் நடுவிலும், ஒவ்வொரு தகவலும் கடந்தே தீரவேண்டிய வாசலாக அமர்ந்திருக்கும் ஒரு வரிசை அந்த 3 சதவீதத்தைச் சேர்ந்ததல்ல என்றால், வேறு எது சேரும்?

ஆயினும் வேகத்தை மட்டும் வைத்து இந்த வழக்கை முடிக்க நான் விரும்பவில்லை. ஏனென்றால் நாளையே இரு மடங்கு வேகமுள்ள நினைவகம் வரலாம், அப்போது வாதம் பலவீனப்பட்டதாகத் தோன்றும். பிரதானமான விஷயம் இடைமுகத்தைப் பற்றியது. அறையில் ஓர் இடத்தைக் கோரிப் பெற்று, அங்கேயே தகவலைக் கட்டி, முடிந்ததும் ஒப்படைப்பது ஒரு முறை. எடுப்பவர் பக்கத்தில், அறையில் இருப்பதை அங்கேயே படித்து, முடிந்ததும் அறையை விடுவிப்பது அதன் மறுபாதி. இந்த நான்கு செயல்களும் கையில் இருந்தால் 'புட்', 'கெட்' இரண்டையும் அவற்றின்மேல் சில வரிகளில் எழுதிவிடலாம்: இடம் கோரு, நகல் எடு, ஒப்படை, அவ்வளவுதான். ஆனால் 'புட்', 'கெட்' மட்டும் கொடுக்கப்பட்ட இடத்தில், கோரி ஒப்படைக்கும் முறையை எவ்வளவு சாமர்த்தியசாலியாலும் கட்ட முடியாது. நகல் அந்த ஃபங்ஷன்களின் அழைப்பு வடிவத்திலேயே உறைந்துபோயிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறலாம், மற்றொன்றிலிருந்து இதைப் பெற முடியாது என்னும்போது, எது அடிப்படை, எது அதன்மேல் எழும் சௌகரியம் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நகலைச் சுமத்தும் வரிசை, பயன்படுத்துபவருக்குப் பதிலாகத் தானே தீர்மானம் செய்துவிடுகிறது. அதுவும் தகவலின் அளவையோ, காலத்தின் நெருக்கடியையோ, இரு தரப்பின் உறவையோ அறியாமலே செய்துவிடுகிறது.

லினக்ஸ் கெர்னலில் பிபிஎஃப் நிரல்களின் விருத்தாந்தம் இதற்குப் பொருத்தமான சாட்சி. கெர்னலுக்குள் நடப்பவற்றைக் கவனித்துப் பயனர் பக்கத்துக்கு அறிவிக்கும் இந்தச் சிறு நிரல்கள், பல ஆண்டுகள் 'பெர்ஃப் பஃபர்' என்னும் வழியையே நம்பியிருந்தன. அந்த வழியில் பதிவை முதலில் வேறோர் இடத்தில் முழுமையாகக் கட்டிவிட்டுப் பிறகு நகல் எடுத்து அனுப்பவேண்டும். பிபிஎஃப் நிரலின் ஸ்டாக் வெறும் 512 பைட். அதற்குமேல் வளரும் பதிவுக்கு ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியாகத் தற்காலிக இடம் ஒன்றை ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவும் செய்து முடித்த பின், பஃபரில் இடமில்லை என்று தெரிந்தால், கட்டிய பதிவும் அதற்குச் செலவிட்ட காலமும் வியர்த்தம். 2020 ஆகஸ்டில் வெளிவந்த 5.8 பதிப்பில் ஆண்ட்ரி நக்ரிகோவின் புதிய ரிங் பஃபர் சேர்ந்தபோது, முதலில் இடம் கோருவது, கிடைத்த இடத்திலேயே பதிவைக் கட்டுவது, பின்பு ஒப்படைப்பது அல்லது வேண்டாமென்று கைவிடுவது என்ற முறை வந்தது. இடமில்லையென்றால் அது முதல் அடியிலேயே தெரிந்துவிடுகிறது. பயனற்ற வேலை நடப்பதில்லை. நகலைத் தவிர்ப்பது சிக்கலைப் பெருக்கும் என்பவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்: இங்கே நகலோடு தற்காலிக இடமும், அதை நிர்வகிக்கும் தொல்லையும் சேர்ந்தே மறைந்தன.

இதே புதிய ரிங் பஃபர், நகல் எடுத்து அனுப்பும் பழைய பாணி ஃபங்ஷன் ஒன்றையும் கூடவே வைத்திருக்கிறது. கோரப்படும் இடத்தின் அளவு நிரலைச் சரிபார்க்கும் வெரிஃபையருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும் என்பதால், அளவு ஓடும்போதுதான் தெரியவரும் பதிவுகளுக்கு அது பயன்படுகிறது. நகலை ஒழிப்பது என் நோக்கம் என்று நினைப்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வேன். நகல் ஒரு தேர்வாக இருக்கட்டும்.

பெரிய தகவலாக இருந்தால் பாயின்டரை அனுப்பு என்பது நகல்வாதிகளின் கடைசி அரண். பாயின்டரை அனுப்பியதும், அது சுட்டும் நினைவகம் யாருடையது, யார் எப்போது அதைத் திருப்பிக் கொடுப்பது என்னும் கேள்விகள் உடனே எழுகின்றன. விடுபட்ட இடங்களைத் திரட்டி இடுபவரிடம் திருப்பி அனுப்ப இன்னொரு வரிசை வேண்டியதாகிறது. எந்த உடைமைச் சிக்கலைத் தவிர்க்கத் தொடக்கத்தில் நகலை நாடினார்களோ, அதே சிக்கலுக்கு வேறு வழியாக வந்து சேர்கிறார்கள். அறைகளே அந்த நினைவகமாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வரிசையின் ஒழுங்கே உடைமையின் ஒழுங்காகிவிடும். லண்டனின் எல்மேக்ஸ் பரிவர்த்தனை நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் தாம்சனும் அவர் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட டிஸ்ரப்டர் என்னும் ரிங் பஃபர் வரிசையில், அறைகளுக்குரிய பொருள்கள் தொடக்கத்திலேயே உண்டாக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதே பொருள்கள் நிரப்பப்பட்டு வெளியிடப்பட்டன. ஜாவாவில் புதிய பொருள்கள் ஓயாமல் பிறந்து கார்பேஜ் கலெக்டருக்குச் சுமையாவதும் அதனால் குறைந்தது.

வட்டத்தின் முடிவில் ஒரு பதிவு இரண்டாக உடைந்து, பாதி கடைசியிலும் பாதி தொடக்கத்திலுமாக விழுமே என்பது மெய்யான ஆக்ஷேபம். இதற்குப் பரிகாரங்கள் பழக்கத்தில் உண்டு. ஒரே அளவான பதிவுகளுக்கு இந்தப் பிரச்சினையே எழாது. ஜேக் என்னும் ஒலி அமைப்பின் ரிங் பஃபர், எழுதத் தக்க இடத்தை இரண்டு துண்டுகளாகவே சொல்லிவிடும். 2003-இல் சைமன் குக் விவரித்த பிப் பஃபர், கோரிய இடத்தை எப்போதும் தொடர்ச்சியாகவே தரும்படி இரண்டு பகுதிகளை மாற்றி மாற்றி ஆளுகிறது. பிபிஎஃப் ரிங் பஃபரோ, ஒரே நினைவகப் பக்கங்களை மெய்நிகர் முகவரியில் அடுத்தடுத்து இரண்டு முறை பொருத்திவைத்து, முடிவைத் தாண்டி விழும் பதிவும் இடையறாத ஒன்றாகவே காணும்படி செய்கிறது. கடைசியிலுள்ள சிறு துண்டைத் தாண்டிச் சென்று தொடக்கத்திலேயே எழுதிவிடுவது எல்லாவற்றிலும் எளியது; அதற்குச் சிறிது இடம் வீணாகும், அவ்வளவே.

நகலைத் தவிர்ப்பதே நகலைவிட அதிகச் செலவு என்று காட்ட லினக்ஸின் ஆவணத்தையே சிலர் மேற்கோள் காட்டுவதுண்டு. 2017-இல் 4.14 பதிப்பில் வந்த, சாக்கெட் வழியே நகலில்லாமல் அனுப்பும் வசதி, ஏறக்குறைய 10 கிலோபைட்டுக்கு மேற்பட்ட அனுப்புதல்களுக்கே பொதுவாகப் பயன்தரும் என்று அந்த ஆவணம் சொல்வது மெய்தான். ஆனால் அதன் காரணத்தைப் பார்க்கவேண்டும். அங்கே தகவல் ஏற்கெனவே பயனரின் பக்கங்களில் எழுதப்பட்டுவிட்டது, அதை நகலின்றிக் கொண்டுபோக அந்தப் பக்கங்களை நகராமல் பூட்டிவைக்கவும், காரியம் முடிந்ததென்று பின்னர் அறிவிக்கவும் வேண்டியிருக்கிறது, செலவெல்லாம் அங்கே. தவறான இடத்தில் பிறந்த தகவலைப் பின்னர் மீட்டெடுக்கும் உபாயம் அது. ரிங் பஃபரின் அறையிலேயே தகவலைப் பிறப்பிக்கும்போது பூட்டுவதற்கும் அறிவிப்பதற்கும் எதுவுமில்லை. 2019-இல் ஜென்ஸ் ஆக்ஸ்போ லினக்ஸுக்குக் கொண்டுவந்த ஐஓ யூரிங் என்னும் உள்ளீட்டு வெளியீட்டு இடைமுகத்தில், விண்ணப்பத்துக்கான அறையை முதலில் பெற்று அதிலேயே விவரங்களை நிரப்புவதற்குப் பக்கங்களைப் பூட்டும் செலவு எதுவும் தனியாக ஏற்படுவதில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, ஒன்றின் குறையை மற்றொன்றின்மேல் சுமத்துவது நேர்மையான வாதமாகாது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது பாதுகாப்பைப் பற்றியது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். இடுபவரும் எடுப்பவரும் ஒருவரையொருவர் நம்பக்கூடாதவர்களாக இருக்கும்போது, அறையிலேயே வைத்துப் படிப்பது அபாயம். எடுப்பவர் ஒரு முறை படித்துச் சரிபார்த்த அளவை, மறுமுறை படிப்பதற்குள் இடுபவர் மாற்றிவிடலாம். 2015 டிசம்பரில் ஜென் மெய்நிகர் இயந்திர அமைப்பில் 155-ஆம் எண்ணுள்ள பாதுகாப்பு அறிவிப்பாக வெளிவந்தது இத்தகைய குறைதான். விருந்தினர் இயந்திரத்தோடு பகிர்ந்த ரிங்கிலிருந்து ஒரே முறை படிப்பதாக நிரலாசிரியர் எழுதியிருந்தாலும், கம்பைலர் அதை இரண்டு முறை படிக்கும்படி மாற்றிவிடக்கூடும் என்று அது எச்சரித்தது. விண்ணப்பத்தைத் தனி நினைவகத்துக்கு நகல் எடுத்து, அந்த நகலையே சரிபார்த்துப் பயன்படுத்துவது அதற்குப் பரிகாரமாயிற்று. நம்பிக்கையின் எல்லையைக் கடக்கும்போது எடுக்கும் இந்த நகல் மிக அவசியமானது. அதை நீக்க முயல்பவரை நானே எதிர்ப்பேன். ஆனால் இந்த உதாரணம் என் பக்கமே பேசுகிறது என்றும் நினைக்கிறேன். எந்த நகல் எதற்காக என்று தெரிந்து எடுத்த நகல் அது. எல்லா இடத்திலும் பழக்கத்தால் நகல் எடுத்துக்கொண்டிருக்கும் நிரலில், இப்படிப்பட்ட ஒரு நகல் மற்றவற்றினின்று வேறுபட்டுத் தெரிவதே இல்லை. சீர்திருத்தம் செய்ய வரும் அடுத்த ஆள் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிய வழியில்லாமல் போகிறது.

இடத்தைக் கோரிவிட்டு ஒப்படைக்க மறந்தால் வரிசையே நின்றுவிடாதா, எடுப்பவர் அறையை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தால் இடுபவர் திணறமாட்டாரா என்று கேட்பது சரியான கேள்வி. மறதிக்குக் காவல் உண்டு: கோரிய இடத்தை ஒப்படைக்கவும் கைவிடவும் செய்யாத பிபிஎஃப் நிரலை வெரிஃபையர் ஏற்றவே விடாது, சி++, ரஸ்ட் முதலிய மொழிகளில் கோரிய இடத்தை ஒரு பொருளாகக் கொடுத்து, அது மறையும்போது தானே விடுபடும்படி செய்யலாம், வெறும் சி மொழியில் மட்டும் ஒழுக்கமும் பிறர் பார்வையும்தான் காவல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாமதிக்கும் எடுப்பவர் விஷயத்திலோ, தேவையானதைத் தாமே நகல் எடுத்துக்கொண்டு அறையை உடனே விடுவிப்பதுதான் விவேகம். தம் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அறிந்தவர் அவரே. ஆகவே அந்த நகலை எடுக்கத் தீர்மானிக்கவேண்டியவரும் அவரே.

நான்கு பைட் எண்ணையோ, ஒரு சமிக்ஞையையோ அனுப்பும் வரிசைகளுக்கு இந்த வாதம் எதுவும் தேவையில்லை. அவற்றில் நகலும் நேரடி எழுத்தும் ஏறக்குறைய ஒன்றே. ஏற்கெனவே 'புட்', 'கெட்' என்று எழுதிக் குவித்திருக்கும் நிரல்களை எல்லாம் மாற்றவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஜெஃபிர் என்னும் சிற்றியந்திர இயங்குதளத்தின் ரிங் பஃபரைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். அங்கே இடம் கோரும் ஃபங்ஷனும் ஒப்படைக்கும் ஃபங்ஷனும் தனித்தனியே இருக்கின்றன. கூடவே எல்லோருக்கும் பழக்கமான 'புட்'டும் இருக்கிறது. அந்தப் 'புட்'டின் உள்ளே, இடத்தைக் கோரி, அதில் 'மெம்காப்பி' செய்து, மீதமிருந்தால் வட்டத்தின் தொடக்கத்தில் மறுபடி கோரி, கடைசியில் ஒப்படைக்கும் ஒரு சிறிய சுற்று எழுதப்பட்டிருக்கிறது. பழைய நிரல்கள் அந்தப் 'புட்'டையே தொடர்ந்து அழைக்கலாம். அதற்குக் கீழே உள்ள வாசலை வேண்டியவர் திறந்துகொள்ளலாம்.